கணக்குக் கூற்றில் தெரியாத பெயர்

சென்ற இதழில் சேமிப்புப் புத்தகத்தின் வரவு, பற்று, மீதி என்னும் மூன்று நிரல்களை வாசிக்கும் முறையைப் பார்த்தோம். அதைப் படித்த சிலர் பசறைச் சந்தையில் என்னை நிறுத்தி, "சாமி, தொகை வெளங்குது. பக்கத்துல போட்டிருக்கிற பேருதான் வெளங்கல்ல" என்றார்கள். கேள்வி நியாயமானது. அந்தப் பெயர் விளங்காததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். அதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய சம்மதத்துடன், பெயரும் இடமும் சொல்லாமல் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் அனர்த்த நிவாரணம் என்றால் அரிசி, பருப்பு, கூரைத்தகடு என்று கையில் வந்து சேரும். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தயில் மண் சரிந்தபோது நம்மவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கே பழக்கமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்து மலைகளை அறுத்துக்கொண்டு போனபோது நிலைமை வேறு. உதவிப் பணம் கணக்கினூடாக வருகிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் காசும் அதே கணக்குக்கு வருகிறது. வீடு கட்டவும், மீண்டும் போஞ்சி போடவும், கோழிக்கூடு அடிக்கவும் இருப்பதெல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தான். ஆகவே அதில் வரும் ஒவ்வொரு வரியும் நமக்கு வேண்டிய வரி.

இந்தக் குடும்பத்தின் வீடும் மரக்கறித் தோட்டமும் மண்ணோடு போய்விட்டன. பாடசாலைக் கட்டடத்தில் சில வாரம் இருந்துவிட்டு, பிறகு உறவினர் வீட்டுப் பின்புறத்தில் தகரம் அடித்து இருந்தார்கள். கணக்கு தகப்பன் பெயரில். ஏ.டி.எம். கார்ட் மட்டும் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் இளைய மகனிடம். அவன் சம்பளத்தைத் தகப்பனின் கணக்கில் போடுவான், தன் செலவுக்கு வேண்டியதைக் கார்ட்டில் எடுத்துக்கொள்வான். நம் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் ஏற்பாடு. இது பிழையான ஏற்பாடு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒருநாள் தகப்பன் புத்தகத்தைப் பதிய வங்கிக்குப் போனார். பல மாதம் பதியாமல் வைத்திருந்ததால், நடுவில் நடந்தவற்றைச் சேர்த்து ஒரே தொகையாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். சில வங்கிகளில் இப்படிச் செய்வதுண்டு. என்ன செலவு என்று தெரியாமல், 'ஸ்டேட்மென்ட்' என்று சொல்லும் கணக்குக் கூற்றை எழுதிக்கொடுத்து வாங்கினார். எல்லாம் ஆங்கிலம். அயலில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அவர் விரலை ஒரு வரியில் வைத்தார்: 3,850 ரூபா, பெயரின் கடைசிச் சொல் 'லவுஞ்ச்', இடம் கொழும்பு 03. கீழே அதே பெயரில் இன்னொன்று, 1,420 ரூபா. "இது நைட் கிளப்பண்ணே. குடிச்சு ஆடுற எடம். வெள்ளிக்கெழமை வேற" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் வாசித்ததற்கும் தெரிந்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிவிட்டார். தகப்பன் அன்றிரவே மகனைத் தொலைபேசியில் அழைத்து, மண்ணுக்குள் போன வீட்டுக் காசில் ஆட்டம் போடுகிறாயா என்று தொடங்கி, சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். மகன், "நான் ஒன்னும் செய்யல்லப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிட்டான். பிறகு வீட்டுக்கு எடுக்கவேயில்லை. பதினோரு நாள் கழித்து, பூசை முடிந்தபின் தாய் அந்தத் தாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

எனக்கும் அந்தத் தாள் முதலில் விளங்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். குருமடத்தில் இலத்தீன் கற்றேன், வங்கிக் கூற்று கற்கவில்லை. தெரிந்த ஒரு வங்கி உத்தியோகத்தரைக் கேட்டுத்தான் பின்வருவனவற்றை அறிந்தேன்.

பெயர் ஏன் வேறாக வருகிறது?

கடையின் பலகையில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று. அந்தக் கடையை நடத்தும் கம்பனி பதிவு செய்துள்ள பெயர் வேறொன்று. கார்ட் உரசும் இயந்திரத்துக்காக அந்தக் கம்பனி வங்கியில் கொடுத்த பெயரே கூற்றில் வரும். அதற்கும் ஏறக்குறைய 25 எழுத்துக்குள்தான் இடம். மிஞ்சினால் வெட்டிவிடும். ஆகவே நடுவில் முறிந்த பெயரும், உயிரெழுத்து விழுந்த பெயரும் வரும். ஊர்ப் பெயரும் அப்படியே. நீங்கள் பதுளையில் வாங்கிய பொருளுக்குக் கொழும்பில் உள்ள தலைமைக் காரியாலயத்தின் இடம் வரலாம். இணையத்தில் பணம் செலுத்தினால் இடையில் நிற்கும் பணப்பரிமாற்றக் கம்பனியின் பெயர் மட்டும் வருவதுமுண்டு.

ஒரே கம்பனி மேல்மாடியில் மதுவிடுதியும் கீழ்மாடியில் பேக்கரியும் நடத்தினால், இரண்டுக்கும் ஒரே பெயர் வர இடமுண்டு. மறுபக்கமும் உண்டு. உலகமெங்கும் களியாட்ட விடுதிகள் பல, வாடிக்கையாளரின் மானத்தைக் காப்பதற்காகவே கூற்றில் சாதுவான கம்பனிப் பெயரில் வருகின்றன. ஆகவே கெட்ட பெயரைக் கண்டு கெட்ட செலவு என்றும், நல்ல பெயரைக் கண்டு நல்ல செலவு என்றும் தீர்க்க முடியாது.

பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வியாபாரிக்கும் அவருடைய தொழில்வகையைக் காட்டும் நான்கு இலக்க எண்ணொன்று உண்டு. உலகமெங்கும் ஒரே வரிசை. பலசரக்கு, சுப்பர்மார்க்கெட் என்றால் 5411, உணவகம் 5812, மதுச்சாலை, நைட் கிளப் 5813, தங்கும் விடுதி 7011, இயந்திரத்தில் காசு எடுப்பது 6011. இந்த எண் பொதுவாக நம் கையில் கிடைக்கும் கூற்றில் அச்சிடப்படுவதில்லை. வங்கியில் கேட்டால் பார்த்துச் சொல்லலாம். ஆனால் எண் வியாபாரிக்கே ஒழிய நாம் வாங்கிய பொருளுக்கு அல்ல. 5813 என்று பதிந்த இயந்திரத்தில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கினாலும் எண் 5813 தான்.

அடுத்தது திகதி. கூற்றில் இரண்டு திகதிகள் இருக்கலாம்: கார்ட்டை உரசிய நாள், வங்கி அதைக் கணக்கில் பதிந்த நாள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு நாள், விடுமுறை வந்தால் இன்னும் கூட, இடைவெளி விழும். அயலவர் பார்த்த வெள்ளிக்கிழமை பதிந்த நாள். உரசிய நாள் அதற்கு முந்திய புதன்கிழமை. நாட்காட்டியைப் புரட்டினோம். அன்று போயா. போயா தினத்தில் நம் நாட்டில் மதுச்சாலைகள் பூட்டு என்பது குடிக்கிறவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நான் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். திட்டுவதற்கு அல்ல, பில் இருக்கிறதா என்று கேட்பதற்கு. ஒன்று சட்டைப்பையில் கசங்கிக் கிடந்தது. படம் பிடித்து அனுப்பினான். மேலே பேக்கரியின் பெயர், அடியில் சிறிய எழுத்தில் கம்பனியின் பெயர், நேரம் பகல் 1.10. வாங்கியது ஒரு கேக். தாய் அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். போயாவன்று இரவு பஸ்ஸில் மகன் கொண்டுவந்து, தங்கையின் பிறந்தநாளுக்கு அந்தத் தகரக் கொட்டிலில் எல்லாருமாக வெட்டித் தின்ற கேக் அது. தகப்பனும் தின்றிருக்கிறார். 1,420 ரூபா வேறொரு நாள் அவனும் கூட வேலை செய்பவனும் வாங்கிய மதியச் சாப்பாடு.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் 13 ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் கதை வருகிறது. ஒழுக்கக்கேடு என்று இரண்டு மூப்பர்கள் சாட்சி சொன்னதும் ஊரே நம்பிவிட்டது. தானியேல் உரத்துப் பிரசங்கம் செய்யவில்லை. இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று ஒரே ஒரு விபரத்தைக் கேட்டான். ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். இங்கு மரத்துக்குப் பதிலாகத் திகதி. பொய் சொல்ல இங்கு யாரும் இல்லாவிட்டாலும், விபரம் கேட்காமல் தீர்ப்புச் சொன்ன குற்றம் ஒன்றுதான்.

யாரும் பார்க்காத வரி

'லவுஞ்ச்' விடயம் இத்தோடு முடிந்தது. ஆனால் அந்தத் தாளில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. 312 ரூபா 40 சதம் ஒன்று. 9,640 ரூபா இன்னொன்று. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர், இலங்கையில் இல்லாத இடம். அவை மதுக்கடை போலவும் தெரியவில்லை, வேறெதைப் போலவும் தெரியவில்லை. ஆகவே யாரும் கேட்கவில்லை. மகனைக் கேட்டேன், அவனுக்குத் தெரியாது. வங்கியில் புதிதாக ஒரு கூற்று எடுத்தோம். தகப்பனும் மகனும் பேசாமலிருந்த பதினோரு நாளில் மேலும் இரண்டு கழிவுகள்: 9,640, 14,875. இந்த இரண்டும் சேர்ந்து 24,515 ரூபா. முதல் தாள் வந்த அன்றே கார்ட்டை நிறுத்தியிருந்தால் இந்தப் பணம் கணக்கிலேயே இருந்திருக்கும்.

எப்படி நடந்தது? மெதுவாக விசாரித்ததில் வெளிவந்தது. புயல் நிவாரணத்துக்கு இணையத்தில் பதியலாம் என்று மகனின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. தகப்பனுக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று அவன் அதில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கார்ட் இலக்கம் எல்லாம் நிரப்பியிருக்கிறான். வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கம் தகப்பனின் தொலைபேசிக்குத்தான் வரும். "அப்பா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். தகப்பனும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லியிருக்கிறார். அந்த 312 ரூபாவும் போனது அப்படித்தான். சிறு தொகையை முதலில் எடுத்துப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். கார்ட் உயிரோடு இருக்கிறதா, சொந்தக்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்கிறார்கள். சத்தம் இல்லையென்றால் பெரிய தொகை. ஒவ்வொரு கழிவுக்கும் வங்கி அனுப்பிய ஆங்கிலக் குறுஞ்செய்தி தகப்பனின் தொலைபேசியில் வாசிக்கப்படாமல் கிடந்தது.

வெட்கம் திருடனுக்கு உதவும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2014 யூன் மாதம் நியூயோர்க்கில் சில பெண்களும் ஒரு விடுதி முகாமையாளரும் கைதானார்கள். ஆண்களுக்கு மயக்கமருந்து கொடுத்து, களியாட்ட விடுதிகளுக்கு அழைத்துச் சென்று, அவர்களின் கார்ட்டில் கணக்கை ஏற்றினார்கள் என்பது வழக்கு. நான்கு ஆண்களிடமிருந்து சில மாதங்களுக்குள் குறைந்தது 200,000 டொலர் எடுத்ததாக அரச தரப்பு கூறியது. போன இடத்தின் பெயர் வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஏமாந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழில் நடந்தது. படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். அவர்களுக்கே அந்த நிலை. நம் பிள்ளை ஒரு நாள் உண்மையிலேயே அப்படி ஓரிடத்துக்குப் போயிருந்தாலும், வீட்டில் சொல்லக்கூடிய நிலையில் அவனை வைத்திருப்பது நல்லது. போனது 4,000 என்று அவன் வாய்விட்டுச் சொன்னால்தான் மிச்சம் 40,000 திருட்டு என்று நாம் கண்டுபிடிக்க முடியும்.

மூன்று வகை

தெரியாத வரியைக் கண்டால் அதை மூன்றில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, நாமே செய்த செலவு, பெயர் மட்டும் வேறு. பில், திகதி, தொகை மூன்றையும் ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். அன்று வீட்டில் என்ன நடந்தது, யார் வந்தார் போனார் என்று நினைத்துப் பார்த்தாலே பாதி தெரியும். இரண்டு, வீட்டிலுள்ள வேறொருவர் செய்த செலவு. அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. அதைத் திருட்டு என்று வங்கிக்கு எழுதுவது பொய். மூன்று, நம்மில் ஒருவரும் செய்யாதது. இதற்கு மட்டுமே வங்கி.

வங்கியே கழிக்கும் சிறு தொகைகளும் உண்டு: கார்ட்டின் வருடக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம், வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்த கட்டணம். இவற்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வட்டி விழும் நாளில் அதன் ஒரு பகுதி வரியாகப் பிடிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் 1 இலிருந்து அது 5 வீதத்திலிருந்து 10 வீதமாயிற்று. 1,200 ரூபா வட்டி என்றால் 120 ரூபா போகும். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் தாம் அத்தகையவர் என்று ஒரு பிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்தால் இதைப் பிடிக்காமல் விடும் ஏற்பாடு அப்போதே செய்யப்பட்டது. நட்டஈட்டுக் காசை நிலையான வைப்பில் போட்டவர்கள் வங்கியில் கட்டாயம் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து சொல்வதில்லை.

மூன்றாம் வகை என்று தெரிந்தால்

முதல் வேலை கார்ட்டை நிறுத்துவது. கார்ட்டின் பின்புறத்தில் வங்கியின் தொலைபேசி எண் இருக்கும். அதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், கார்ட் தொலைந்தால் எண்ணும் தொலையும். வங்கி திறக்கட்டும் என்று திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இரவிலும் எடுக்கலாம். பேசியவரின் பெயர், நேரம், அவர் தரும் முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிளைக்குப் போய் எழுத்தில் முறையிடுங்கள். தமிழிலேயே எழுதலாம். எந்தத் திகதி, எந்தத் தொகை, கூற்றில் உள்ள பெயர் எழுத்து மாறாமல், "இதை நான் செய்யவில்லை" என்ற வாக்கியம். அவ்வளவு போதும். பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கார்ட் கழிவுகளை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு சர்வதேசக் கார்ட் நிறுவனங்களின் விதிகளில் கால எல்லை உண்டு. பல வகைகளுக்கு அது 120 நாள். புத்தகத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிகிறவருக்கு அந்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். மாதம் ஒருமுறை பதியுங்கள்.

வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் நியாயமாகத் தெரியாவிட்டால், இலங்கை மத்திய வங்கியில் 2020 முதல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி 1935. முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், முத்திரை வைத்த அந்தப் பிரதி அப்போது உதவும். நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

வங்கி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: கார்ட்டையோ இரகசிய எண்ணையோ யாருக்காவது கொடுத்தீர்களா? இங்குதான் நம் ஏற்பாடு நம்மையே அடிக்கிறது. மகனாக இருந்தாலும் கார்ட்டைக் கொடுப்பது வங்கியின் நிபந்தனைக்கு விரோதம், நம் பக்க நியாயம் பலவீனமாகிவிடும். உண்மையை மறைக்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தரமாட்டேன். இனிமேலாவது மகன் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அங்கிருந்து வீட்டுக் கணக்குக்கு அனுப்பட்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும், பெற்ற பிள்ளை கேட்டாலும், எதற்கு என்று விளங்காமல் சொல்ல வேண்டாம். நிவாரணம் தருவதற்கு கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அந்த இலக்கம் தேவையே இல்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்றொரு தாள் இருந்தது. தொழிலாளியின் பெயரில் எவ்வளவு கடன், அதை யார் தீர்த்தால் ஆளை விடுவார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளில் தன் பெயருக்கு நேரே இருந்த தொகை எப்படி வந்தது என்று தொழிலாளிக்குத் தெரியாது, கங்காணிக்குத்தான் தெரியும். அந்த முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. சம்பளத் துண்டில் சந்தா, அட்வான்ஸ், சேமலாப நிதி என்று கழித்ததைக் கேட்கவே நம்மவர்களுக்கு இன்னும் பல வருடம் பிடித்தது. கணக்குக் கூற்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குப் பின் 9,640 ரூபா இரண்டும் திரும்பக் கிடைத்தன. இரகசிய இலக்கம் கொடுத்துச் செய்த 312 ரூபா 40 சதத்தை வங்கி மறுத்துவிட்டது. 14,875 ரூபாவுக்கு இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. கடிதங்களை எழுதுவது மகன். தகப்பன் கையொப்பம் வைப்பதற்கு முன், ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்கிறார்.

குழுக்கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள். மீதித் தொகையை ஒரு கடதாசியால் மூடிக்கொள்ளுங்கள், அது அவரவர் சொந்த விடயம். பற்று நிரலில் உள்ள ஐந்து வரிகளை எடுத்து, எது எந்த வகை என்று பக்கத்திலிருப்பவருக்கு விளக்குங்கள். விளக்க முடியாத வரி இருந்தால் அதன் திகதியையும் தொகையையும் எழுதி, அடுத்த வேலை நாளில் இருவராக வங்கிக்குப் போங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதையும் கூட்டிப்போகலாம்.